எட்டுக் கட்டில்

இரவு இரண்டு மணிக்கு மடை திறப்பது என் வேலை.
மேலே ஒரே ஊற்று.
கீழே பதினொரு வீடு,
வீட்டுக்கொரு துண்டு அவரை நிலம்.
எந்த நிலத்துக்கு எத்தனை நிமிடம் என்பது
மடையருகே ஆணியில் தொங்கும்
நோட்டில் இருக்கிறது.
'விருந்தாளி' என்றொரு பத்தி
அதில் முன்பு கிடையாது.

அல்பேனியாவின் இந்த மடிப்புக்குள்
முதலில் வந்தவர் ராட்டர்டாம் பல் டாக்டர் ஒருவர்,
கணவரோடு.
ப்ரேண்டாவின் ஆட்டுக்கொட்டிலுக்கு மேலே
வைக்கோல் அடைக்கும் அறையில்
இரண்டு கட்டில்.
பால் கறக்க வேண்டும் என்றார்.
கறந்தார்.
ஆடு வாளியை உதைத்தது, பிறகு அவரை.
முழங்காலைத் தடவிக்கொண்டே
"இதன் பெயர் என்ன?" என்றார்.
ஆட்டுக்குப் பெயர் வைக்கும் வழக்கம்
எங்களிடம் இல்லை.
ப்ரேண்டா கொஞ்சம் யோசித்து
தன் நாத்தனார் பெயரைச் சொன்னாள்.

மூன்று இரவுக் காசில்
பள்ளிக்கூட வேனுக்கு இரண்டு டயர் வந்தது.
பனிக்காலத்தில் வேன் ஓடியதால்
ஐந்து குடும்பம் ஊரிலேயே தங்கியது.
இதை நான் மிகைப்படுத்தவில்லை.
புகைபோக்கிகளை எண்ணிப் பார்த்தவன் நான்.

இத்தாலியில் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த
ஜோவாலின் திரும்பி வந்தான்,
கூடவே ஒரு கான்கிரீட் கலவை எந்திரம்.
அடுத்த கோடையில்
இருபத்தாறு கட்டில் எண்ணினேன்.

விருந்தாளி என்றால் குளிப்பார்.
நாளெல்லாம் மலை ஏறியவர்,
தாராளமாகக் குளிக்கட்டும்.
ஆனால் ஒருவர் தலை அலசும் நேரத்தில்
அரை வரிசை அவரைக்கொடி
தாகத்தோடு நிற்கிறது.
விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது சரி,
தண்ணீருக்கு ஒரு நாளே அதிகம்.

ஆகஸ்டில் கடைசி வாய்க்கால் காய்ந்தது.
அது தீலாவின் நிலம்.
சுருண்ட கொடிகளை அந்தி வெயிலில்
ஒருவர் படம் எடுத்தார்,
"என்ன ஒரு பொன்நிறம்!"
தீலா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று
வணக்கம் சொன்னாள்.
வேறென்ன சொல்வாள்.

அன்றிரவு ப்ரேண்டா பரிமாறிய அவரை
ஷ்கோடரில் வாங்கிய டப்பாவிலிருந்து வந்தது.
"உங்கள் நிலத்தில் விளைந்ததா?
எந்தப் பக்கம்?" என்றார்கள்.
சன்னல் பக்கம் எழுந்த அவள் கை
பாதியில் ரொட்டிக்கூடையை எடுத்துக்கொண்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில்
எல்லோரையும் கூப்பிட்டவள் அவள்தான்.
நான் நோட்டை வாசித்தேன்,
நிமிடம் நிமிடமாக.
யாரும் இருமவில்லை.
ஜோவாலின் மட்டும் எழுந்தான்:
"தண்ணீரைக் காட்டி
என்னை மறுபடி கப்பலேற்றப் பார்க்கிறாயா?"
அதற்கு
என் நோட்டில் எண் இல்லை.

விடியும்வரை பேசி எட்டு என்றார்கள்.
ஊருக்கு எட்டுக் கட்டில்.
தண்ணீர் எந்த வரிசையில் வீடுகளுக்குப் போகிறதோ
விருந்தாளியும் அந்த வரிசையில்.
வருகிறவர் தட்டில் இந்த மண்ணில் விளைந்தது மட்டும்,
விளையாவிட்டால்
விளையவில்லை என்று சொல்லிவிடுவது.
நாளுக்கு ஒரு வாளி வெந்நீர்.
காசில் ஐந்தில் ஒன்று வேனுக்கு.

கலவை எந்திரம் பாதைமுனையில் நிற்கிறது,
உள்ளே கோழி முட்டையிடுகிறது.
செவ்வாயும் வெள்ளியும் வேன் ஓட்டுகிறான் ஜோவாலின்,
என்னைக் கண்டால் ஹாரன் அடிப்பதில்லை.

பல் டாக்டர் கடிதம் போட்டார், ஜூலைக்கு இடம் கேட்டு.
இல்லை என்று எழுதினேன்,
எழுதும்போது கை கூசியது.
செப்டம்பரில் வந்து
தீலாவோடு உட்கார்ந்து சோளம் உரித்தார்,
நகக்கண்ணில் ரத்தம் வர.
ஆட்டை அந்தப் பெயர் சொல்லியே கூப்பிட்டார்.
நாத்தனார் இரண்டு வீடு தள்ளி
திரும்பிப் பார்த்தாள்.

நேற்று இரண்டு மணிக்கு
டார்ச் வெளிச்சத்தில் நோட்டைப் புரட்டினேன்.
விருந்தாளி: எட்டு.
பக்கத்தில் பென்சிலால் யாரோ,
யாரோ என்ன, ஜோவாலினின் கோணல் எழுத்துதான்,
ஒன்பது? என்று எழுதியிருந்தது.

ஊற்றில் கைவைத்துப் பார்த்தேன்.
மழை நன்றாகவே பெய்திருக்கிறது இந்த வருஷம்.
ரப்பர் சட்டைப்பையில்தான் இருந்தது.
மடையைத் திறந்துவிட்டு வந்தேன்.